கத்திரிப்பூவுக்கு எழுதிய கடைசி வரி

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. தபாலில் வந்தது.

கடிதம் எழுதியவர் கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு நாட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களுக்காகப் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துகின்றன. அதற்கு அவர் செயலாளர். மிகவும் மரியாதையான கடிதம். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு, இரண்டாவதில் பாராட்டு. மூன்றாவது பத்தியில், இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறு புத்தகத்தின் கடைசி வரியை நீக்கிவிட முடியுமா என்று கேட்டிருந்தார்.

முப்பது குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். முடிவை மாற்றச் சொல்லி இதற்கு முன் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். நான் சேர்த்துவைத்த ஒரு ஜோடியைப் பிரித்துவிடும்படி ஒரு வாசகி எழுதியிருந்தார். 'அந்த மாமியாரிடம் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு உங்களுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது?' நியாயமான கேள்வி. ஆனாலும் மாற்றவில்லை. என் நாவல்களில் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். யாராவது ஒருவர் அழுதுகொண்டே சிரிப்பார். அது என் கைப்பழக்கம்.

நர்ஸம்மாவின் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறையும் பதில் கதையாகப் போய்விட்டது. இது ஐந்தாவது முறை. தடுக்கப் போவதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்தக் குழந்தை பிறந்த அன்று வானம்

[வானத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.]

பிறகு இப்படி:

"பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று, இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது."

[உண்மைதான். ஆனால் மேடையில் சொல்ல வேண்டியது. நூறு என்ற எண்ணைக் கேட்டதும் நமக்குக் கொட்டாவி வருகிறது. அந்த ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.]

மூன்றாவது:

"எங்கள் வீட்டில் எல்லோரும் நடுத்தெருவில் குந்துவோம்."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

எங்கள் வீட்டில் எல்லோரும் நடுத்தெருவில் குந்துவோம்.

காரணம் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். இனி யாரும் வரப்போவதில்லை என்று தொட்டிலைப் பரணில் போட்டபின் வந்தவள். அவளுடைய உதடும் நகக்கண்களும் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். சும்மா இருக்கும்போது வெளிறிய பூ. அழுதால் நன்றாக மலர்ந்த பூ. அப்பாதான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். டாக்டர் வாயில் நுழையாத ஒரு நோயின் பெயரைச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு, "போகட்டும், நீ என் கத்திரிப்பூ" என்றார். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் பயன்படுத்தியதில்லை.

பத்தடி நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். உடனே முழங்காலை மார்போடு சேர்த்துக் குந்திவிடுவாள். அப்படிக் குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகம் ரத்தம் போகுமாம். யாரும் சொல்லித் தராமலே இந்தக் குழந்தைகளின் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் தெருவுக்கு அது தெரியுமா? "என்ன பாப்பா, அடம் பிடிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

அப்பா வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். நாடா வைத்த கறுப்பு ஷூ போடுவார். அவள் குந்தியதும் அவரும் பக்கத்தில் குந்துவார். ஷூ நாடாவை அவிழ்ப்பார். நிதானமாக, முதன்முதலாகக் கட்டக் கற்றுக்கொள்கிறவர் போல, மறுபடி கட்டுவார். அம்மா குந்திக் கைப்பையில் எதையோ தேடுவார். நான் குந்திக் கீழே கிடக்கிற கூழாங்கல்லைப் பொறுக்குவேன். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு ஒரு குடும்பமே தேடுவதுபோல இருக்கும்.

"அப்பா, உங்க ஷூ ரொம்ப மோசம். அவுந்துக்கிட்டே இருக்கு" என்பாள் கத்திரிப்பூ.

"என்னடா பண்றது. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

"வேற வாங்குங்கப்பா."

"இது பழகிப்போச்சு. நீ எழுந்திருக்கும்போது சொல்லு, நானும் எழுந்திருக்கேன்."*

ஆறு வயது வரை, குறை அப்பாவின் ஷூவில் இருப்பதாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

* அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் நாடாவின் நுனிகள் பிய்ந்துபோகும். மெழுகுவர்த்தியில் லேசாக உருக்கி அப்பா அதைக் கூராக்குவார். மெழுகு வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அவர் நினைவுதான்.

4

அவளுக்கு ஆறு வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தைகள் மருத்துவமனையின் மூன்றாம் மாடி. நடைபாதையில் பச்சை வண்ணம் பூசிய ஓர் இரும்பு பெஞ்சு. அதில் நான்கு அம்மாக்கள். யாரும் யாரிடமும் பேசாமல், எல்லோரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதில் ஒருவர் மட்டும் கையைச் சும்மா வைத்திருக்கமாட்டார். தையல்காரர். மகனுக்கு அதே அறுவை சிகிச்சை, அடுத்த கட்டில். கடையில் கிடைக்கும் குழந்தைச் சட்டையைத் தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். மார்பைத் திறந்து தைத்த பிள்ளையால் கையைத் தூக்க முடியாது. அதனால் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறக்கிற மாதிரி, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பித்தான் வைத்துத் தன் மகனுக்கு ஒரு சட்டை தைத்தார். அதைப் பார்த்து என் அம்மா ஒன்று கேட்டார். பிறகு மற்ற இருவர். ஒரு மாதத்தில் அந்த வார்டில் எல்லாப் பிள்ளைகளும் திரைச்சீலைத் துணியிலும் புடவைத் தலைப்பிலும் தைத்த சட்டைகளோடு மந்திரிசபைபோல உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த பெஞ்சுதான் பின்னால் சங்கமானது. கட்டடம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. தையல்கார அக்காவின் கடைக்குப் பின்னால் ஓர் அறை. வேறு நாடுகளிலும் இப்படிப் பெஞ்சுகள் இருக்கின்றன என்று பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் அம்மாக்கள் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதங்கள் வந்தன. பாஷை புரியாத கடிதங்களில் மார்பில் கோடு போட்ட குழந்தைகளின் புகைப்படங்கள் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள் சட்டையின் வெட்டுப் படத்தை அனுப்பினோம்.

சட்டையோடு வைத்து அனுப்ப ஒரு சின்னப் புத்தகம் வேண்டும், பயப்படுகிற பெற்றோருக்கு ஆறுதலாக, என்றார் தையல்கார அக்கா. "நீதான் காலேஜில படிக்கிறியே, எழுதும்மா."

எழுதினேன். எனக்கு வயது பத்தொன்பது. நான் எழுதி அச்சில் வந்த முதல் எழுத்து அது. குந்துகிற குழந்தை, ஷூ நாடா, பச்சை பெஞ்சு, கதவு எல்லாம் அதில் இருந்தன. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அம்மா அவள் விரலைப் பிடித்துப் பார்த்த காட்சியும் இருந்தது. நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. அம்மாவால் நம்ப முடியவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "யாராவது சாயம் பூசிட்டாங்களா?" என்று நர்ஸிடம் கேட்டார். இதை எழுதும்போது இப்போதும் என்

[சரி, விடுங்கள்.]

அந்தப் புத்தகத்தின் கடைசி வரி இது:

"அன்றோடு எல்லாம் முடிந்தது, இனி அவள் இதயம், எல்லோருடைய இதயத்தையும் போலத்தான்."

அதன்கீழ் 'முற்றும்' என்று போட்டேன். பதினான்கு மொழிகளில் அது போனது. பதினான்கு மொழிகளிலும் 'முற்றும்' என்ற சொல் இருந்ததில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

5

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் முதல் வரைவில் தையல்கார அக்காவின் மகன் பிழைக்கவில்லை. தன் பிள்ளையை இழந்த தாய் மற்ற பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாள் என்று உருக்கமாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நானே அழுதேன். பிறகு, விவரம் சரியா என்று பார்க்க அதை அவரிடமே கொடுத்தேன். புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, என் மகன் உனக்கு என்ன கெடுதல் பண்ணான்?"

"கதைக்குக் கொஞ்சம் கனம் வேணும்னு பார்த்தேன்க்கா."

"கனம் வேணும்னா உன் வீட்டுக்காரரைச் சாகடிச்சுக்கோ. அவர் கதையெல்லாம் படிக்கமாட்டாரு."

மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பத்துமூன்று வயது. லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். "சித்தி, ஒரு கல்யாணமாவது பண்ணி வெச்சுட்டு சாகடிச்சிருக்கலாம்" என்றான். "அதுவும் இல்லாம அனுப்பிட்டீங்க."

நான் சிரித்தேன். தையல்கார அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பெஞ்சில நாலு பேர் உக்காந்தோம். அதுல ஒருத்தி, நான் தைச்சுக் குடுத்த சட்டைய மட்டும் கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா. உனக்கு நல்லாவே தெரியும். அவளப் பத்தி எழுதணும்னா அவகிட்ட கேட்டுட்டு எழுது. அவ துக்கத்த எடுத்து எனக்கு மாட்டி விடாத."

அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டேன். அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. ஆகவே அவர் இந்தக் கதையில் இதற்குமேல் இல்லை.

பிறகு நர்ஸம்மாவின் கடிதத்தைக் காட்டினேன். அதில் நான் உங்களிடம் இன்னும் சொல்லாத ஒரு பகுதி இருந்தது. சிறுவயதில் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வளர்ந்தபின் பரிசோதனைக்கே போகாமல் இருப்பவர்களைப் பல நாடுகளில் தேடிப்பிடித்துக் காரணம் கேட்டிருக்கிறார்கள். 'எனக்குத்தான் சரியாகிவிட்டதே' என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலர் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டியிருக்கிறார்கள்.

என் புத்தகம்.

"தைச்சது அப்படியே இருந்துடுமா?" என்றார் தையல்கார அக்கா மெதுவாக. "பிள்ளை வளர்றான், தையலும் இழுபடும். எங்களுக்கும் அப்ப தெரியாதும்மா. டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியாது. இவ்வளவு பிள்ளைங்க இவ்வளவு வயசு வரைக்கும் இருந்து அவங்க பார்த்ததே இல்லையே."

"இருபது, முப்பது வருஷத்துல வால்வு கசிய ஆரம்பிக்கும் சித்தி. எல்லாருக்கும் இல்ல. ஆனா யாருக்குன்னு பார்த்தாத்தான் தெரியும்" என்றான் மகன், கையைக் கழுவியபடி. "ஓடுற லிஃப்ட்டுக்கே வருஷம் ஒரு தடவ சோதன இருக்கு. பண்ணலேன்னா சீல் வெச்சுடுவாங்க. நான் வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேனுக்குப் படுத்துட்டு வர்றேன். கத்திரிப்பூ கடைசியா எப்பப் போச்சு?"



தையல்கார அக்கா சங்கத்தின் பழைய நோட்டை எடுத்துவந்தார். 'குணமானவர்கள்' என்று தலைப்பிட்ட பக்கம். முதல் வரியில் கத்திரிப்பூவின் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர். "அதுக்கப்புறம் பரிசோதனைக்கு வான்னு அவளுக்கு ஞாபகக் கடிதமே போடல. உன் புஸ்தகத்தப் பார்த்துதான் இந்தப் பக்கத்த ஆரம்பிச்சோம்" என்றார்.

6

கத்திரிப்பூ இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். முப்பத்துநான்கு வயது. இருட்டறையில் உங்களை உட்காரவைத்து, சட்டத்தில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல காட்டினது தெளிவா, இது தெளிவா?" என்று சலிக்காமல் கேட்பாள். வருடம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் தன் கையால் அட்டை எழுதிப் போடுவாள்: 'உங்கள் கண்களைப் பார்த்து ஒரு வருடமாகிவிட்டது.' அதன்கீழே, அடுத்து வர வேண்டிய நாள்.

அவள் கணவர் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். இவரைப் பற்றியும் ஒரு பொய் எழுதி வைத்திருந்தேன். காதலித்த நாட்களில், அவள் படிக்கட்டில் மூச்சு வாங்கி நின்றபோது, அவரும் தற்செயலாகக் குனிந்து ஷூ நாடா கட்டினார் என்று. எவ்வளவு அழகு! உண்மையில் அவர் நாடா இல்லாத செருப்புதான் போடுவார். இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய், "ஆமை, வந்தியா?" என்று குரல் கொடுப்பார். நல்ல மனிதர். தழும்பைப் பற்றி அவள் சொன்னபோது, "வரைபடத்துல நடுக்கோடு மாதிரி இருக்கு" என்றாராம். அவளும் அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, கடைசி வரியைக் காட்டி, "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்றாளாம். அதனால் அவர் கவலைப்படாமல் தாவுகிறார்.

கடைக்குப் போனேன். மதிய நேரம், ஆளில்லை. நோயாளி நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

"இப்பல்லாம் படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"எடை கூடிப்போச்சுக்கா. உனக்கும்தான் வாங்குது."

"நான் நாப்பத்தேழு. போன வாரம் மாடிக்கு வரும்போது நடுவுல நின்னியே."

"போன் பார்த்தேன்."

"போன் வீட்டுக்குள்ள இருந்துச்சு."

சட்டத்தில் ஒரு கண்ணாடியைச் செருகினாள். எழுத்துகள் மங்கின. "யார் வெச்ச ஆப்பு இது? லிஃப்ட்டா?" தையல்கார அக்காவின் மகனுக்கு அவள் வைத்த பெயர் அது.

கடிதத்தைச் சொன்னேன். புத்தகத்தைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எட்டு வயசுல அந்தக் கடைசி வரிய மனப்பாடம் பண்ணேன். விளையாட்டு டீச்சர்கிட்ட அத ஒப்பிச்சுத்தான் ஓட்டப்பந்தயத்துல சேர்ந்தேன். கடைசியா வந்தேன், ஆனா ஓடினேன். இவர்கிட்டயும் அத வெச்சுத்தான் பேசினேன். அந்த வரியிலதான் நான் இத்தன வருஷமா குடியிருக்கேன். நீ பாட்டுக்கு வந்து வீட்ட இடிக்கணும்கிற."

"ஒரு தடவ போய்ப் படுத்துப் பார்த்துட்டு வரலாம். ஒண்ணுமில்லேன்னும் இருக்கலாம்."

"ஒண்ணுமில்லேன்னு நீதான் ஏற்கெனவே எழுதிட்டியே" என்றாள்.



7

இங்கே கதையை எப்படி முடிக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். கத்திரிப்பூவின் முறைப்படியே காட்டுகிறேன்.

முதல் கண்ணாடி: கடையில் அவள் மயங்கி விழுகிறாள். பாலம் வரைகிற அவள் கணவர், நம் பாலக்காரர், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். எல்லோரும் ஒரே அறையில். ஒருவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். [என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கதாநாயகி என் வரைவுகளைப் படிக்கிறவள். மயங்கி விழவைத்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.]

இரண்டாவது கண்ணாடி: அவள் போகவில்லை. அறுபது வயது வரை ஒன்றும் ஆகவில்லை. [ஆகலாம். அப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஆனால் இப்படித்தானே இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பும் என் ஆசையைக் கடைசி வரியாக எழுதினேன்?]

மூன்றாவது கண்ணாடியை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். "ஒரு நாள் காலை அவள்

முதல்ல காட்டினது தெளிவா, இது தெளிவா? எனக்கு எதுவுமே தெளிவாக இல்லை. குறை கண்ணாடியில் இல்லை. நான் பழைய புத்தகத்தைத் திருத்தாமல், புதிதாக ஒன்றைச் சோடித்துக்கொண்டிருந்தேன்.

8

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பாலக்காரர் கடைக்குப் போயிருந்தார். அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். கொண்டுவந்தாள். மூலைகள் மடங்கி, அட்டை கழன்று, உள்ளே ஆறு வயதில் அவள் வண்ணப்பென்சிலால் தீட்டிய நகங்கள். பேனாவை எடுத்தேன். கடைசி வரியின்மேல் ஒரு கோடு போட்டேன். 'முற்றும்' மேல் இன்னொன்று. வாங்கிப் பார்த்தாள்.

"என்னக் கேக்காமயா?"

"எழுதும்போதும் உன்னக் கேக்கலையே."

கத்துவாள் என்று நினைத்தேன். வேறு ஒன்றைச் சொன்னாள். இருபது வருடமாக எங்கள் யாருக்கும் சொல்லாதது.

பதினாலு வயதில், குழந்தைகள் மருத்துவமனையில் அவளைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, "இனி நீ பெரியவள், பெரியவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்று அவளுடைய மருத்துவக் கோப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவும் அவளும் அங்கே போயிருக்கிறார்கள். சீட்டு எழுதுகிற ஜன்னலில், "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பெயர் தெரியாது. அப்பா கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். "இது குழந்தைங்க நோயாச்சே, இங்க இதுக்கு டாக்டர் இல்ல. அங்கயே போங்க" என்று ஜன்னலில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போனால், "பதினாலு முடிஞ்சுது, அங்கதான் போகணும்." மறுபடி இங்கே.

"மூணாவது தடவ படியில இறங்கி வரும்போது அப்பா குந்திட்டாருக்கா. ஷூ நாடாவ அவுத்தாரு. எனக்கு அப்ப மூச்சே வாங்கல. நல்லாத்தான் நின்னேன். நாடாவும் கட்டித்தான் இருந்துச்சு. அவுத்தாரு, கட்டினாரு. மறுபடி அவுத்தாரு. அவருக்கு எங்க போறதுன்னு தெரியல. நானும் பக்கத்துல குந்தினேன். 'எழுந்திருக்கும்போது சொல்லுங்கப்பா, நானும் எழுந்திருக்கேன்'னேன். அப்பதான் சொன்னாரு. 'அக்காதான் எழுதியிருக்காளேடா, எல்லாம் முடிஞ்சுதுன்னு. நாம ஏன் அலையணும்? வா, வீட்டுக்குப் போவோம்.'"

கோப்பை அப்பா பீரோவின் மேல்தட்டில் வைத்தார். அவர் போனபிறகும் அது அங்கேயே இருந்தது.

"நான் பரிசோதனைக்குப் பயந்து நிக்கல" என்றாள். "அப்பா அன்னிக்கு எழுந்திருக்க உன் வரி ஒண்ணுதான் இருந்துச்சு. அதப் பொய்யின்னு ஆக்கிட்டா, அவர் இன்னும் அந்தப் படியிலயே உக்காந்திருக்கற மாதிரி ஆயிடும்."

நான் முப்பது நாவல்களில் எழுதாத வரி இது.

"அப்ப பெரியவங்களுக்கு டாக்டர் இல்ல" என்றேன். "இப்ப இருக்காங்க. தையல்கார அக்காவும் மத்த நாட்டு அம்மாக்களும் மனு எழுதி எழுதிக் கேட்டு வாங்கின இடம். வியாழக்கிழமை மட்டும். இரண்டாவது மாடி. எந்த ஜன்னலுக்குப் போகணும்னு லிஃப்ட்டுக்குத் தெரியும். நோய்க்குப் பேரு கோப்புல இருக்கு, நான் எழுதி வெச்சுக்கறேன். அப்பாவ அந்தப் படியிலேருந்து கூட்டிட்டு வந்துடலாம், கத்திரிப்பூ."

புத்தகத்தை மூடினாள். "வியாழக்கிழமை எனக்குக் கடை இருக்கு" என்றாள். அதை அலமாரியில் வைத்துவிட்டு, "காலையிலன்னா வரலாம்" என்றாள்.

9

அதே மருத்துவமனை. அதே படிகள். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. "உங்க ஆளு வேலை செய்யற லட்சணம்" என்றாள் கத்திரிப்பூ. அது அவன் பார்க்கிற லிஃப்ட் இல்லை என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. கையில் பீரோவின் மேல்தட்டுக் கோப்பு. பாலக்காரர் முன்னால் போனார். அன்றைக்கு அவர் தாவவில்லை. ஒவ்வொரு படியாக, எண்ணுகிறவர்போல ஏறினார்.

முதல் மாடி திரும்புமிடத்தில் அவள் நின்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். போன் பார்ப்பதாகப் பாவனை செய்யவில்லை. நான் அவள் பக்கத்தில் குந்தினேன். என் முழங்கால் சத்தம் போட்டது. செருப்பைத் தொட்டேன்.

"என்னக்கா பண்ற?"

"அவுந்துடுச்சு."

குனிந்து பார்த்தாள். "உன் செருப்புக்கு நாடாவே இல்ல."

"கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

சிரித்தாள். சிரித்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. முழங்காலை மார்போடு சேர்த்து, ஆறு வயதுக்குப்பின் முதன்முறையாக, என் பக்கத்தில் குந்தினாள். மேலே போன பாலக்காரர் திரும்பிப் பார்த்தார். என்ன ஏதென்று கேட்காமல் இறங்கிவந்து அவரும் குந்தினார். மருத்துவமனைப் படிக்கட்டில் ஒரு குடும்பம் எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"எழுந்திருக்கும்போது சொல்லு" என்றேன்.

"எழுந்திருக்கலாம்" என்றாள்.

இரண்டாம் மாடியில் ஒரு கதவு. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ்ப் பெயர். நானும் எழுந்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"கதவு வரைக்கும் உன் கதைக்கா. உள்ள என்னது."

பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கே பெஞ்சு சாம்பல் நிறம்.

உள்ளே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து அவளே சொன்னாள். உங்களுக்குச் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதோடு, நான் ஒரு முறை அவளுக்காக முடிவு எழுதி, அது பதினான்கு மொழிகளில் போய், எத்தனையோ அப்பாக்களைப் படியிலிருந்து எழுப்பி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொரு முறை எழுத என் கை துணியவில்லை.

நர்ஸம்மாவுக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டேன். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன், 'முற்றும்' என்பதையும். அந்த இடத்தில் அச்சிட வேண்டியதைக் கத்திரிப்பூதான் சொன்னாள். கண்ணாடிக் கடை அட்டையின் அடியில் அவள் எழுதுவதுதான். பதினான்கு மொழிகளிலும் கோட்டுக்கு மேல் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையிலும் விடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பில் நடுக்கோடு இருந்தால், பேனா உங்கள் பக்கம்.

அடுத்து வர வேண்டிய நாள்: ____________